சைஸ் 8 தானே, போட்டுக்கோங்க!

அந்தமானுக்குக் கிளம்பும் சொந்தக்காரர்கள் போனில் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஹேவ்லாக்கா, நீலா? எந்தக் கப்பல் அதிகம் ஆடாது? ரூம் பக்கத்தில் இட்லி கிடைக்குமா? தண்ணிக்குள்ள போட்டோ எடுத்துத் தருவாங்களா, அதுக்குத் தனிக் காசா? இத்தனையும் கேட்கிறவர்கள், காலுக்குச் சரியான அளவில் ஃபின், அதாவது காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு, இருக்குமா என்று மட்டும் கேட்டதே இல்லை. ஆனால் கடலிலிருந்து ஏறி வந்ததும் முதல் பேச்சு அதுதான். குதிகால் தோல் உரிந்துவிட்டது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, மீன் போனதா மட்டை போனதா தெரியவில்லை. சென்னையிலிருந்து சுமார் 1,350 கிலோமீட்டர் கடல் தாண்டி, கையில் இருந்த காசையெல்லாம் இறைத்துவிட்டு வந்து, கடைசியில் அரை அங்குல ரப்பரால் ஒரு நாள் பாழாவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஆகவே இந்தப் பதிவு முழுக்க அளவு பற்றித்தான். காலளவு, முகத்தளவு, கொஞ்சம் உடம்பளவு. பவளமும் சூரிய அஸ்தமனமும் வேண்டுவோர் மன்னிக்கவும். இணையத்தில் அது ஏராளமாகக் கிடைக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கூட்டாளி வாய்த்தது கனடாவில். ஸ்கார்பரோவில் இருக்கும் பெரியப்பா மகன் தன் பையனை ஐஸ் ஹாக்கி வகுப்பில் சேர்த்திருந்தார். ஸ்கேட் வாங்கும்போது நம் வழக்கப்படி ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டார். வளரும் பிள்ளை, இரண்டு வருஷம் வரும், இப்போதைக்குத் தடிமனாக இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும் என்ற கணக்கு. ஜூன் மாதம் பள்ளிக்கூட ஷூ வாங்கும் எல்லாத் தமிழ் அப்பாக்களும் போடும் கணக்குதான். பையன் ஐஸில் நிற்கும்போதெல்லாம் கணுக்கால் உள்பக்கமாக மடிந்தது. அழுகை. “என்னடா தம்பி, இவனுக்கு பேலன்ஸே இல்லையோ?” என்று என்னிடம் கேட்டார். “அண்ணா, கால் உள்ளே ஆடுதா பாருங்க” என்றேன். “ஐஸையே கண்ணால பார்க்காத ஊர்ல உக்காந்துக்கிட்டு எனக்கு ஷூ பத்திச் சொல்றியா!” என்று சிரித்தார். அடுத்த வாரம் ஸ்கேட் கடைக்காரரும் அதையே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவர் வழியாகத் தெரிந்துகொண்டது இது. ஐஸ் ஸ்கேட் பெரும்பாலும் தெருவில் போடும் ஷூவைவிட ஒன்று, ஒன்றரை சைஸ் சின்னதாகத்தான் அமையும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கியதும் விரல் பின்வாங்கிக் குதிகால் பின்பக்கம் போய் ஒட்ட வேண்டும். குதிகால் மேலே எழும்பவே கூடாது. சாக்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் மெல்லியது. லேஸை விரல் பக்கம் தளர்வாகவும் பாதத்தின் மேல்மேட்டிலிருந்து கணுக்கால் வரை இறுக்கமாகவும், உச்சியில் கால் முன்னால் மடங்குகிற அளவுக்கு விட்டும் கட்ட வேண்டும். பல கடைகளில் பூட்ஸை அதற்கென்றே உள்ள அடுப்பில் சூடாக்கி, இளகிய நிலையில் காலில் மாட்டி உட்காரவைத்து, ஆறும்போது காலின் வடிவத்துக்கே படிய வைக்கிறார்கள். ஐஸை விட்டுவிட்டுச் சக்கரத்துக்கு வந்தாலும் கதை இதேதான். நம் சென்னை ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த ஸ்பீட் ஸ்கேட்டிங் உலகச் சாம்பியன்ஷிப்பில் 1,000 மீட்டர் தங்கம் வாங்கினாரே, அந்த மட்டத்தில் காலை அச்செடுத்து அதற்கேற்பப் பூட் செய்துகொள்வது சாதாரணம். காலுக்கும் பூட்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருந்தால், கால் தள்ளும் விசையில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிறது.

ஃபின்னும் அப்படியே. காலின் உதையைத் தண்ணீருக்குக் கடத்துவதுதான் அதன் வேலை. கால் உள்ளே வழுக்கினால் உதை வீண். ஆனால் ஸ்கேட் அளவுக்கு இறுக்கிப் பிடித்தாலும் ஆகாது. தண்ணீருக்குள் கால் விடாமல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும், தோல் ஊறி மென்மையாகிவிடும், இறுக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே உரியும். உரிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காலில் துடுப்பு மாட்டிக்கொள்ளும் யோசனை ஒன்றும் அத்தனை பழையதில்லை. பிரெஞ்சுக் கடற்படைக்காரர் லூயி தெ கோர்லியூ 1933ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1932 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஓவன் சர்ச்சில் 1940ல் கடைக்குக் கொண்டுவந்தார். ஷூ மாதிரிக் காலை முழுதும் மூடிக்கொள்ளும் இன்றைய வகை 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் க்ரெஸ்ஸி கம்பெனியிடமிருந்து வந்தது. ஹேவ்லாக் டைவ் ஷாப்களில் சுவரில் தொங்குகிறவற்றில் க்ரெஸ்ஸி, மாரெஸ் என்ற பெயர்களைப் பார்க்கலாம். இரண்டும் இத்தாலியில் பிறந்த கம்பெனிகள். இந்த வரலாற்றை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த அச்சுகள் ஐரோப்பியக் காலைப் பார்த்துச் செய்யப்பட்டவை. நம் கால் வேறு.

இது என் ஊகம் இல்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதத்தை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளந்தது. வந்த முடிவுகளில் முக்கியமானது, இந்தியப் பாதம் பொதுவாக அகலம் என்பது. நாம் இத்தனை காலமும் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன சைஸ் எண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அகலம் பிடிக்காததால் நீளத்தில் ஒரு சைஸ் ஏற்றி வாங்குகிறோம். பிறகு நீளம் அதிகமாகி லேஸை இழுத்துக் கட்டுகிறோம். இந்தியக் காலுக்கென்றே ‘ப’ என்ற பெயரில், பாரதத்தின் முதல் எழுத்தை வைத்து, ஒரு புது அளவுமுறையை அந்த ஆய்வின் அடிப்படையில் முன்மொழிந்திருக்கிறார்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொன்றும் ஞாபகம் வைக்க வேண்டியது. பெண் குழந்தையின் பாத வளர்ச்சி 11 வயதுவாக்கிலும் ஆண் பிள்ளைக்கு 15, 16 வாக்கிலும் உச்சத்தைத் தொடுகிறது. பத்து வயதானால் டைவிங் கூட்டிப்போகலாம் என்று பல கம்பெனிகள் சொல்கின்றன அல்லவா, சரியாக அந்த வயதில்தான் பிள்ளையின் கால் போன விடுமுறையில் இருந்த அளவில் இருக்காது. பழைய சைஸைச் சொல்லாதீர்கள்.

வருஷம் முழுக்கச் செருப்பிலும் வெறுங்காலிலும் நடக்கிற கால் வேறு வகையில் விரிந்திருக்கும். விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் சுதந்திரமாக இருக்கும். பார்க்க அழகு, நடக்க நல்லது, ஆனால் குறுகலான ரப்பர் பொந்துக்குள் நுழைக்கும்போது சுண்டு விரல் பக்கத்துப் புடைப்பும் பெருவிரல் மூட்டும்தான் முதலில் அடி வாங்கும். அதனால் நம் ஆட்களுக்கு என் சிபாரிசு, கிடைத்தால் பின்பக்கம் திறந்த ஃபின். ஃபின்னில் இரண்டு ரகம். ஒன்று, குதிகாலையும் சேர்த்து மூடும் ரகம், வெறுங்காலில் மாட்டுவது, லேசானது. ஸ்நார்க்கலிங்குக்குப் பெரும்பாலும் இதுதான் தருவார்கள். இன்னொன்று, முதலில் நியோப்ரீன் பூட்டி என்ற ரப்பர் காலுறையைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் ஃபின்னை மாட்டிக் குதிகாலுக்குப் பின்னால் பட்டையை இழுத்துவிடுவது. பட்டை இருப்பதால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பூட்டி இருப்பதால் தோல் ரப்பரில் உரசாது. படகு வரை சுடுமணலிலும் கல்லிலும் நடந்துபோகவும் சௌகரியம். கொஞ்சம் கனம், அவ்வளவுதான். பட்டையில் ஸ்பிரிங் வைத்தது கிடைத்தால் விடாதீர்கள், பக்கிள் போட்டுக் கைவிரலை நசுக்கிக்கொள்ள வேண்டாம்.

போட்டுப் பார்க்கும் விதம் எளிது. காலையும் ஃபின்னையும் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள்; உலர்ந்த ரப்பரில் உலர்ந்த காலைத் திணித்தால் சரியான அளவுகூடச் சின்னதாகத்தான் தோன்றும். உட்கார்ந்த இடத்தில் மாட்டி, காலைத் தூக்கி வேகமாக உதறுங்கள். குதிகால் வெளியே வந்தால் பெரிது. மேல்பாதத்தில் ரப்பர் விளிம்பு பதிந்து சிவப்புக் கோடு விழுந்தால் சின்னது. மூடிய ரகத்தில் விரல் நுனி முன்வாயில் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது பரவாயில்லை, விரல் மடங்கக் கூடாது. பிறகு பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை அசையுங்கள். ஐந்தாவது தடவையிலேயே எங்கேயாவது கடிக்கிறதென்றால், கடலில் அரை மணி நேரம் கழித்து அது என்ன செய்யும் என்று யோசித்துவிட்டு அடுத்த ஜோடியைக் கேளுங்கள்.

இறுக்கம் கெடுதி என்பது எல்லாருக்கும் தெரியும். தளர்வு செய்யும் கெடுதிதான் தெரிவதில்லை. ஃபின் லூஸாக இருந்தால் கழன்றுபோய்விடுமோ என்று விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கி அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். நீங்கள் சொல்லாமலே காலே செய்யும் வேலை அது. விரல் மடங்கியே இருந்தால் உள்ளங்கால் வளைவு இறுகும், அங்கிருந்து கெண்டைக்காலுக்குப் போகும், பத்து நிமிஷத்தில் சுளுக்கின மாதிரிப் பிடித்துக்கொள்ளும். வயசாச்சு, சத்து இல்லை, வாழைப்பழம் சாப்பிட்டிருக்கணும் என்று ஆளாளுக்குக் காரணம் சொல்வார்கள். பாதி நேரம் காரணம் காலில் லூஸாக மாட்டியிருக்கும் 44ஆம் நம்பர் ஃபின்தான். பிடித்துக்கொண்டால் பயப்படாமல் மிதந்துகொண்டே, ஃபின்னின் நுனியைக் கையால் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். கெண்டைச் சதை நீண்டு விட்டுக்கொடுக்கும்.

கால் பொருந்தாத ஆளால் பவளத்துக்கும் ஆபத்து. ஃபின் கழல்கிறதென்றதும் நிமிர்ந்து, கீழே கால் வைத்து நின்று சரிசெய்யத் தோன்றும். கீழே இருப்பது தரை இல்லை, பவளம். குண்டு குண்டாகப் பாறை போல வளரும் போரைட்டிஸ் வகை வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ஒரு மிதியில் நம் வயசளவு வளர்ச்சி காலி. 2010ல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துப்போயின; மிச்சம் இருப்பதும் தேறி வருவதும் அருமையானவை. சட்டமும் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு.

இனி முகம். இதில் நம் ஆண்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது, மீசை.

மதுரையிலிருந்து வந்த சித்தப்பாவை ஹேவ்லாக் கூட்டிப்போயிருந்தேன். மாஸ்க் மாட்டித் தண்ணீரில் குனிந்தால் அடுத்த நிமிஷம் மூக்குவரை தண்ணீர். பட்டையை இறுக்கினார்கள், இன்னும் மோசம். இன்ஸ்ட்ரக்டர் காரைக்கால் பக்கத்துப் பையன். பக்குவமாகச் சொன்னான்: “சார், மீசையை ட்ரிம் பண்ணிட்டா செட்டாயிடும்.” சித்தப்பா மாஸ்க்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார். “தம்பி, அந்த மீனை எல்லாம் டிவியிலயே பார்த்துக்கறேன்.” பிறகு சமரசம் நடந்தது. முழு மீசையையும் எடுக்க வேண்டியதில்லை. மூக்குக்கு நேர் கீழே, மாஸ்க்கின் சிலிக்கான் ஓரம் பதிகிற இடத்தில் ஒரு மெல்லிய கோடு அளவுக்கு மழித்தால் போதும். வெளியே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அதற்கும் மனசு வராதவர்கள் அந்த இடத்தில் சிலிக்கான் கிரீஸோ வாஸ்லினோ தடவிக்கொள்ளலாம், ஓரளவு தாங்கும். வாஸ்லின் ரொம்ப நாள் பட்டால் ரப்பர் பாகங்களைக் கெடுக்கும் என்பதால் சில கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. சித்தப்பா கோடு போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார். மேலே வந்தபோது கோமாளி மீனைப் பற்றி அல்ல, மீசை தப்பியதைப் பற்றித்தான் பெருமையாகச் சொன்னார்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க பட்டையே வேண்டாம். பட்டையை முன்பக்கம் தள்ளிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் லேசாக வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் அது உங்கள் முகத்துக்கு இல்லை, வேறு மாடல் கேளுங்கள். நெற்றி முடி ஒரு இழை ஓரத்தில் மாட்டினாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும். பெண்கள் ஹேர்பேண்ட் போட்டுக்கொள்வது நல்லது, பெரிய மூக்குத்தி, பொட்டு எல்லாம் கழற்றிவிடலாம். ஒழுகுகிறது என்றதும் பட்டையை இறுக்குவது எல்லாரும் செய்வது. இறுக்கினால் சிலிக்கான் ஓரம் கோணலாக மடங்கி இன்னும் ஒழுகும், நெற்றியில் தழும்பும் விழும். மாஸ்க்கை முகத்தோடு அழுத்தி வைப்பது தண்ணீரின் அழுத்தம், பட்டை இல்லை.

அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும், கண்ணையும் முகத்தையும் உறிஞ்சிப் பிடிக்கும். அதனால்தான் மாஸ்க்குக்குள் மூக்கும் சேர்ந்து இருக்கிறது. மூக்கால் கொஞ்சம் காற்றை ஊதினால் சரியாகிவிடும். நீச்சல் குளத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடலில் ஆழம் போகக் கூடாது என்பதும் இதனால்தான், அதற்குள் காற்றை ஊத வழியில்லை. முகம் முழுவதையும் மூடும் புதுவகை ஸ்நார்க்கல் மாஸ்க்கைப் பலர் ஆன்லைனில் வாங்கி வருகிறார்கள். மேல்மட்டத்தில் மிதக்க மட்டும் சரி. முங்கினால் காது அடைப்பை எடுக்க மூக்கைப் பிடிக்க முடியாது. எனக்கு அது பிடிக்காது, என் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தருவதில்லை.

கண்ணாடி போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் சில கடைகளில் இருக்கும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் லேசான பவர் உள்ளவர்கள் ஒன்றும் இல்லாமலே சமாளிக்கலாம்.

அத்தைக்கு வெட்சூட் போட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே கடல் நீர் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும், குளிர் பெரிதாக இல்லை. 3 மில்லிமீட்டர் தடிமனே தாராளம். அத்தைக்கு வேண்டியிருந்தது குளிர்காப்பு அல்ல, மறைப்பு. முழுக்கை, முழுக்கால் சூட் கேட்டோம். “ப்ரீசைஸ் ஃபிட் மேடம்” என்று ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். ஜிப்பை இழுத்ததும் அத்தையின் பேச்சு நின்றது. அத்தை பேசாமல் இருப்பது ஆபத்தின் அறிகுறி என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கழுத்திலும் நெஞ்சிலும் அழுத்தினால் மூச்சு மேலோட்டமாகும். தண்ணீருக்குள் அது பதற்றமாக மாறும். முதல் தடவை இறங்கும் பலர் பாதியில் மேலே வரத் துடிப்பதற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. இடுப்பிலும் தோளிலும் ஒட்டலாம், கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும், ஆழமாக மூச்சு இழுத்துவிட முடிய வேண்டும். ஒரு சைஸ் பெரிது மாற்றிய பிறகு அத்தை போட்ட முதல் வாக்கியம் கடைக்காரரைப் பற்றியது, அதை இங்கே எழுத முடியாது. சூட் வேண்டாமென்றால் லைக்ரா லெகிங்ஸும் முழுக்கை ரேஷ்கார்டும் போதும். காட்டன் சுடிதார் மட்டும் வேண்டாம். ஊறிக் கனத்துக் காலைச் சுற்றும்.

நீல் தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லட்சுமண்பூரில் இயற்கைப் பாலம் பார்க்க நீர் வற்றும் நேரத்தில் பாறைமேல் நடந்துதான் போக வேண்டும். அங்கே வழுக்கும் ஹவாய்ச் செருப்பு உதவாது, வெறுங்காலும் உதவாது. செத்த பவளத்தின் விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும், அந்த வெட்டு ஆற நாளாகும். குதிகாலுக்குப் பின்னால் பட்டை உள்ள ரப்பர் செருப்போ, விலை குறைந்த தண்ணீர் ஷூவோ எடுத்து வாருங்கள். தண்ணீர் ஷூவை மட்டும் காலோடு ஒட்டி வாங்குங்கள். லூஸாக இருந்தால் மணல் உள்ளே போய் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி உரித்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நம் முன்னோர் ஃபின் போட்டா முத்துக் குளித்தார்கள் என்று யாராவது கேட்பீர்கள். இல்லைதான். மன்னார் வளைகுடாவில் கல்லைக் காலில் கோத்து அதன் கனத்தில் இறங்கி, மேலே கயிறு பிடிப்பவர் இழுக்க ஏறி வந்தார்கள். இராமநாதபுரம் கரையோரம் சங்கும் கடல் அட்டையும் எடுத்தவர்கள் அலுமினியத் தகட்டை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு நீந்தியிருக்கிறார்கள். கடற்பாசி எடுக்கும் பெண்கள் இன்றைக்கும் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்போடு பாறைகளுக்கு நடுவே இறங்குகிறார்கள். பிழைப்புக்கு இறங்கியவர்கள் தங்கள் காலுக்கு எது சரி என்று தாங்களே வெட்டி, கட்டி, திருத்திக்கொண்டார்கள். யாரோ ஒருவர் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வாயை மூடிக்கொண்டு மாட்டிக்கொள்ளவில்லை. ஹேவ்லாக் கடலில் எந்த உபகரணமும் இல்லாமல் ஜம்மென்று நீந்திய ஒரே ஆள் ராஜன் என்ற யானை. மரம் இழுக்கும் வேலைக்கு அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டு, பிற்காலத்தில் சுற்றுலாப் பயணிகளோடு கடலில் நீந்திப் பேர் வாங்கி, 2016ல் இறந்துபோனது. அதன் கால் சைஸுக்கு யாரும் எதுவும் தயாரிக்கவில்லை.

உண்மையான சிக்கல் கடையில் நடப்பது. ஸ்நார்க்கலிங்கும், முதல் தடவை இறங்குகிறவர்களுக்கான ட்ரை டைவும் சீசனில் அவசர வியாபாரம். ஒரு படகு திரும்பும்போது அடுத்த படகுக்கு ஆள் நிற்கும். ஒரு கடையில், பெயர் வேண்டாம், என் தங்கை “7ஆம் நம்பர்” என்றதும், “8 தானே இருக்கு, போட்டுக்கோங்க, தண்ணிக்குள்ள போனா டைட் ஆயிடும்” என்றார்கள். தண்ணீருக்குள் போனால் எந்த ரப்பரும் டைட் ஆகாது. இன்னும் சில இடங்களில், ட்ரை டைவுக்கு ஃபின்னே தருவதில்லை. இன்ஸ்ட்ரக்டர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போவார், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு வந்தால் போதும். நீச்சல் தெரியாதவர்களுக்கு அதுவும் ஒரு வழிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் காசு கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது. வாடகைப் பொருள்தானே, அரை மணி நேரம்தானே, எதற்கு அவரைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று. சட்டைத் துணி எடுக்கும் கடையில் நாற்பது துணியை விரித்துப் பார்த்துவிட்டு, “வேற டிசைன் இல்லையா?” என்று கேட்கிற அதே ஆட்கள்தான் இங்கே முதல் ஜோடியை வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார்கள். இந்தியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஹேவ்லாக்கில் பெரும்பாலும் வங்காளிகள். கடையில் இந்தி ஓடும். பயப்படாதீர்கள், இந்தத் தீவுகளில் 2011 கணக்குப்படி 15 சதவீதம் பேர் தமிழ் தாய்மொழிக்காரர்கள். கடையில், படகில், ஜெட்டியில் யாராவது ஒருவர் தமிழ் பேசுவார். சத்தமாக “அண்ணே” என்று கூப்பிட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

கடைசியாக, டிசம்பருக்கு டிக்கெட் போட்டிருப்பவர்களுக்கு. இன்று சாயங்காலம், நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், சுவரை ஒட்டி ஒரு வெள்ளைத் தாள் போட்டு, குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். மிக நீளமான விரலின் நுனியில் பென்சிலால் கோடு. இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் அகலமான இடத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டரில், கண்ணாடி பவரோடு சேர்த்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் எழுதி டைவ் ஷாப்புக்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸப் அனுப்பிவிடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் நடுத்தர சைஸ்கள்தான் முதலில் தீர்ந்துபோகும், மிச்சம் தொங்குவது குழந்தைகளுடையதும் 46ஆம் நம்பரும்.